இறப்பர் வித்தகர் சார்ள்ஸ் குட்இயர்

மேலைநாடுகளிலே மோட்டார் வண்டிகளை ஓடுபாதையில் விரைந்து செலுத்தும் பந்தயங்களைப் பற்றி எம் மாணாக்கர் படித்தும் படங்களிற் பார்த்தும் இருப்பர். அவ்வண்டிகளிற் பூட்டப்படும் ரயர்கள் சாதாரண ரயர்கள் அல்ல. வெம்மையேறிய பாதையைப் பசைபோலப் பற்றிக்கொண்டு, கடுவேகத்தில் வளைவுகளைக் கடக்கும் வண்டியைச் சறுக்கவிடாது தாங்க வல்லவை அவை. அத்துணை ஆற்றல் வாய்ந்த அந்த ரயர்களே மாரிகாலத்துக் குளிரிலே கொட்டிலிற் கவனிப்பாரின்றிக் கிடந்தால் மரக்கட்டைபோல் விறைத்துவிடுகின்றன. அந்நிலையில் வண்டியைச் சிறிது தூரம் நகர்த்தினாலும், ரயரை வளைத்துச் சில்லிலே பூட்ட முயன்றாலும், அதன் மேற்புறம் வெடித்துப் பிளந்துவிடக்கூடும். பெரும்பொருள் கொடுத்து வாங்கிய ரயர் ஓர் ஓட்டமும் ஓடாமலே பயனற்றுப் போகின்றது.

இது புதிதாய் வந்த குறையன்று. இறப்பருக்கும் குளிருக்கும் இடையிலுள்ள பகை மிகப் பழையது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், இறப்பரினாற் செய்த பொருள் யாதாயினும் மாரியிலே விறைத்து வெடித்தது. கோடையிலே உருகி நாறியது. இவ்விரு கேட்டினின்றும் அதனை மீட்டு, மக்களுக்குப் பயன்படும் பொருளாக்கித் தந்தவர் சார்ள்ஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர். அவர் பெயரைத் தாங்கிய ரயர்கள் இன்று உலகெங்கும் ஓடுகின்றன. ஆயினும் அந்த ரயர்களைச் செய்யும் தொழிலகம் அவர் கண்டதன்று. அவர் குடும்பத்தார் கண்டதுமன்று. அவர் இறந்து 38 ஆண்டுகள் கழிந்தபின், 1898ஆம் ஆண்டிலே, ஒகாயோ மாநிலத்து அக்றன் நகரிற் பிறர் நிறுவிய தொழிலகத்திற்கு அவர் நினைவாக அப்பெயர் சூட்டப்பெற்றது. தம் கண்டுபிடிப்பினால் அவர் அடைந்த பயன் யாது என்பதை அவர் வரலாறே கூறும். அவ்வரலாறு கற்போருக்கும் கற்பிப்போருக்கும் ஒருங்கே பயன்படும் என எண்ணி, இம்மலரில் அதனை எழுதலாயினோம்.

சார்ள்ஸ் குட்இயர் 1800ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 29ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்திலுள்ள நியூஹேவன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் அமாசா குட்இயர் பொத்தான்களும் கமத்தொழிற் கருவிகளும் செய்து விற்றவர். புதிய கருவிகளை ஆக்குவதில் விருப்பமுடையவர். மகனோ இளமையிலே சமயப் பணியில் நாட்டங்கொண்டிருந்தார். எனினும் தந்தையார் விருப்பப்படி, பதினேழு வயதளவிலே பிலடெல்பியா நகருக்குச் சென்று இரும்புச் சாமான் வாணிகத்தைப் பயின்றார். பின்பு ஊருக்கு மீண்டு தந்தையாரோடு கூட்டுச் சேர்ந்து தொழில் நடத்தினார். 1824ஆம் ஆண்டிலே கிளாறிசா பீச்சர் என்னும் பெண்மணியை மணந்தார். இவ்வம்மையார் பட்ட பாட்டைக் கூறாது அவர் கணவரின் வரலாற்றைக் கூறுதல் இயலாது.

1826ஆம் ஆண்டிலே பிலடெல்பியாவில் குட்இயர் தாமே ஒரு கடை திறந்தார். சில ஆண்டுகள் அது நன்றாகவே நடந்தது. ஆயின் கடனாகக் கொடுத்த சரக்குக்குப் பணம் வந்து சேரவில்லை. 1830ஆம் ஆண்டளவில் வாணிகம் நொடிந்தது. அக்காலத்திலே கடனைத் தீர்க்க இயலாதவரைச் சிறையிடுதல் அங்கு வழக்கமாக இருந்தது. குட்இயரும் சிறை புகுந்தார். அதன்பின் கடனும் சிறையும் அவரை வாழ்நாள் முழுவதும் நிழல்போலத் தொடர்ந்தன.

இனி, அக்காலத்தில் இறப்பர் இருந்த நிலையைச் சிறிது நோக்குவோம். தென் அமெரிக்காவின் காடுகளில் ஒருவகை மரத்தின் பாலைத் திரட்டி, அந்நாட்டு மக்கள் பந்தும் பாதரட்சையும் செய்து வந்தனர். நீர் புகாத இப்பொருள் வட அமெரிக்காவுக்கு வந்தபோது அங்கே பெரும் பரபரப்பு உண்டாயிற்று. 1830ஐ அடுத்த ஆண்டுகளில் இறப்பர்த் தொழிலகங்கள் பல எழுந்தன. சப்பாத்தும் மழைச்சட்டையும் மலைமலையாகச் செய்யப்பட்டன. அவையெல்லாம் ஓராண்டு நிறைவதற்குள்ளே தம் இயல்பைக் காட்டிவிட்டன. மாரிக் குளிரிலே மழைச்சட்டைகள் தகடுபோல் விறைத்து நின்றன. கோடை வெயிலிலே சப்பாத்துகள் பிசின்போல் உருகின. மசாச்சுசெற்ஸ் மாநிலத்து றொக்ஸ்பரி என்னும் ஊரில் இயங்கிய தொழிலகமொன்று, உருகிக் கெட்டுத் திரும்பிவந்த பொருள்களை நாற்றம் தாங்காது நிலத்திற் புதைத்தது என்பர். தொழிலகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடுண்டன. முதலிட்டோர் கையை விரித்தனர்.

இச்சமயத்திலேதான் குட்இயர் இறப்பரை நாடி வந்தார். 1834ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரில் அத்தொழிலகத்தின் கடையிலே நீரில் மிதக்க உதவும் காற்றடைத்த பையொன்றை வாங்கி, அதன் காற்றுவாயிலைத் திருத்தியமைத்துக் கொண்டுபோய்க் காட்டினார். வாயில் நன்றாக இருந்தது. ஆயினும் கெட்டது வாயிலன்று, இறப்பரே என்று கடைத்தலைவர் தெரிவித்து, தொழிலின் அவலநிலையையும் எடுத்துரைத்தார். பிறரெல்லாம் கைவிட்டோடிய அவ்விடத்தில் குட்இயர் கால்வைத்தார். வேதியியல் கற்றவரல்லர், கையிற் பணமும் இல்லை. இறப்பரைப் பருவங்கள் கெடுக்காதவாறு செய்தற்கு வழி ஒன்று இருந்தே தீரும், அதனைத் தாம் காணல் வேண்டும் என்னும் உறுதி ஒன்றே அவருடைய முதலாயிற்று.

பிலடெல்பியாவுக்கு மீண்டதும் அவரை வரவேற்றது சிறைச்சாலை. அங்கே மனைவியாரின் மாவுருட்டும் கட்டையையும் சிறிது இறப்பரையும் தருவித்து, தம் முதலாவது சோதனைகளைத் தொடங்கினார். இறப்பரின் ஒட்டுந்தன்மையை உறிஞ்சவல்ல ஒரு பொடியைக் கலந்தால் அது உருகாதென்று எண்ணி, மகனீசியாவைக் கலந்து பிசைந்தார். வெண்மையான அழகிய கலவை கிடைத்தது. மனைவியாரும் பிள்ளைகளும் கூடியிருந்து அதனாற் சப்பாத்துகள் செய்தனர். மாரிகாலத்திலே அவை சிறந்து விளங்கின. கோடை வந்தது, சப்பாத்துகள் ஒழுகின. இதுவே அவர் பெற்ற முதற் பாடம். ஒரு பருவத்திலே நன்றாயிருந்த பொருள் மறு பருவத்தையும் வெல்லும் என்பதற்கு உறுதி இல்லை.

பின்னர் நியூயோர்க் சென்று, சிற்றறை ஒன்றிலே சோதனைகளைத் தொடர்ந்தார். இறப்பரை நைத்திரிக்கமிலத்திலே தோய்த்தபோது அதன் மேற்பரப்பு வழவழப்பாகி ஒட்டாது நின்றது. அதற்கு 1837ஆம் ஆண்டிலே காப்புரிமையும் பெற்றார். அமிலத்தின் நச்சாவி மூடிய அறையிலே சூழ்ந்து அவரைக் கொல்லாக் கொலை செய்தது. பல வாரம் காய்ச்சலாய்க் கிடந்து பிழைத்தார். கூட்டாளி ஒருவர் கிடைத்து, தொழில் தலைதூக்கும் தறுவாயில், 1837ஆம் ஆண்டின் பெரும் பொருளாதார முடை அக்கூட்டாளியின் செல்வத்தை முற்றாக அழித்தது. குட்இயர் குடும்பத்தோடு ஸ்ரற்றன் தீவிலே கைவிடப்பட்ட இறப்பர்த் தொழிலகமொன்றிற் குடியிருந்து, மீன் பிடித்துண்டு காலங் கழித்தார்.

அதன்பின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தை அடைந்து, வூபர்ன் என்னும் ஊரிலே நதானியல் ஹேவேட் என்பவரைக் கண்டார். ஹேவேட் இறப்பரிலே கந்தகத்தைத் தூவி வெயிலிற் காயவைத்து, அதன் ஒட்டுந்தன்மையைக் குறைத்திருந்தார். குட்இயர் அம்முறையின் உரிமையை விலைகொடுத்துப் பெற்றார். அரசாங்கத் தபாற் பைகள் 150 செய்து தருமாறு அவருக்குக் கட்டளை கிடைத்தது. பைகளைச் செய்து தொங்கவிட்டு, சில வாரம் வெளியூர் சென்று மீண்டார். மீண்டபோது பைகள் தம் பாரத்தையே தாங்கமாட்டாது உருகித் தொங்கின. வெயிலும் அமிலமும் இறப்பரின் தோலை மாத்திரம் திருத்தின. உள்ளே அது பழைய இறப்பராகவே இருந்தது. ஊரார் நம்பிக்கை முற்றாக அற்றுப்போயிற்று. உறவினரும் நண்பரும் இறப்பரை விட்டுவிடுமாறு வற்புறுத்தினர்.

பைகள் ஏன் கெட்டன என்பதை அறிய, அதே கலவையை வெப்பத்திற் காட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார் குட்இயர். 1839ஆம் ஆண்டில் ஒருநாள், கந்தகம் கலந்த இறப்பர்த் துண்டொன்று காய்ந்திருந்த அடுப்பின்மேற் பட்டது. உருக வேண்டிய இறப்பர் உருகவில்லை, தோலைப்போற் கருகிற்று. கருகிய பகுதியின் ஓரத்தை நோக்கினார். கருகாமலும் ஒட்டாமலும், முற்றும் பதப்பட்ட ஒரு கோடு அங்கே காணப்பட்டது. அருகிலிருந்தோர் அதனைப் பொருட்படுத்தவில்லை. அவரோ, தாம் ஐந்தாண்டாகத் தேடியது அதுவே என்று உணர்ந்தார். வெப்பத்தினாற் கெட்ட பொருளை வெப்பமே காக்கும் என்னும் விந்தையை அன்று கண்டார்.

கண்டவர் உடனே ஊரறியக் கூவினாரல்லர். அன்றிரவு கடுங்குளிராக இருந்தது. அவ்விறப்பர்த் துண்டை எடுத்துச் சென்று, அடுக்களைக் கதவின் வெளிப்புறத்திலே ஆணியால் அறைந்துவிட்டு வந்தார். சாதாரண இறப்பராயின் விடியுமுன் எலும்புபோல் விறைத்திருக்கும்; வளைத்தால் முறிந்திருக்கும். காலையில் எழுந்து சென்று அதனைக் கழற்றி வளைத்தார். முதல்நாள் இருந்தவாறே அது குழைந்து வளைந்தது. அதனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு களிப்புடன் வீட்டினுள்ளே வந்ததை அவர் மகளார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்.

குட்இயரின் வரலாற்றைக் கூறுவோர் பலரும் அடுப்பைப் பற்றியே விரித்துரைப்பர். அது தற்செயலாய் நேர்ந்த பேறு என்று முடித்துவிடுவர். எமக்கோ அடுப்பினும் கதவே பெரிதாகத் தோன்றுகின்றது. அடுப்பிலே இறப்பர் பட்டது தற்செயலாயிருக்கலாம். கதவிலே ஆணி அறைந்தது தற்செயலன்று. மாரியிற் செய்த சப்பாத்து கோடையில் உருகியதையும், வெளியே நன்றாய்த் தோன்றிய பை உள்ளே கெட்டதையும் கண்டு நொந்தவர் அவர். ஆதலின் இம்முறை தம் கண்டுபிடிப்பைத் தாமே புகழாமல், இறப்பரின் பழம்பகையாகிய குளிரின் முன்னே அதனைக் கொண்டுபோய் நிறுத்தினார். குளிர் சான்று பகர்ந்த பின்னரே அவர் மகிழ்ந்தார். ஆராய்ச்சி என்பதன் இலக்கணம் இதுவன்றோ?

அவ்விறப்பரில் நிகழ்ந்த மாற்றத்தைப் பிற்கால அறிஞர் விளக்கியுள்ளனர். இறப்பரின் மூலக்கூறுகள் மிக நீண்ட சங்கிலிகளாக, சிக்குண்ட நூற்கற்றைபோற் கிடப்பன. வெப்பம் மிகுந்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓடும், அதுவே உருகுதல். குளிர் மிகுந்தால் அசைவொடுங்கி, நெருங்கி ஒழுங்குபட்டு நிற்கும், அதுவே விறைத்தல். கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும்போது கந்தக அணுக்கள் அச்சங்கிலிகளுக்கிடையே இங்குமங்கும் பாலமிடுகின்றன. பாலம் இருத்தலால் சங்கிலிகள் வழுக்கி ஓடமாட்டா. பாலங்களுக்கிடையே தளர்ச்சி இருத்தலால் வளையவும் நீளவும் கூடும். எளிதில் நெருங்கி ஒழுங்குபடவும் மாட்டா. இவ்வாறு ஒரே வினையால் கோடைக்கேடும் மாரிக்கேடும் ஒருங்கே நீங்கின. மூலக்கூற்றின் வடிவை எவரும் அறியாத காலத்திலே, கையாலும் கண்ணாலும் மாத்திரம் ஆராய்ந்து குட்இயர் இதனைக் கண்டார்.

கண்டது உண்மையாயினும், எவ்வளவு கந்தகம், எவ்வளவு வெப்பம், எத்துணை நேரம் என்பன தெளியவில்லை. அதற்கு மேலும் சில ஆண்டுகள் சென்றன. வீட்டு அடுக்களையே ஆய்வுகூடமாயிற்று. கிளாறிசா அம்மையார் பாண் சுட்டெடுத்த போறணையிலே இறப்பரை வைத்துச் சுட்டார். அவர் நீர் கொதிக்கவைத்த கேத்தலின் ஆவியிலே பிடித்துப் பார்த்தார். அயலிலுள்ள தொழிலகங்களின் கொதிகலங்களுக்கருகே சென்று, இரந்து இடம் பெற்றுச் சோதனை செய்தார். வீட்டிலே உணவில்லை, விறகில்லை. ஒரு மாரிகாலத்திலே பனிப்புயலினூடே மைல்கணக்காய் நடந்து அறிந்தார் ஒருவரிடம் சென்று உதவி பெற்று மீண்டார். பொஸ்ரன் நகரிலே கடனுக்காக மறுபடியும் சிறைப்பட்டார். இக்காலத்திலே அவருடைய சிறு மகன் ஒருவன் இறந்தான். அவருக்குப் பிறந்த பிள்ளைகளுட் பலர் குழந்தைப் பருவத்திலேயே மாண்டனர்.

இவ்வறுமையில் வீட்டுப் பொருள்களையெல்லாம் விற்றும் அடகுவைத்தும் தீர்ந்தபின், பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள் எஞ்சின. அவற்றையும் குட்இயர் விற்றார். கிடைத்தது ஐந்து டொலர். இச்செய்தியை அவர் மறைக்கவில்லை. தாம் எழுதிய நூலிலே தாமே பதிந்துள்ளார். ஆசிரியத் தொழில் புரியும் எம்போன்றோர் இவ்விடத்தை எளிதிற் கடந்து செல்லமாட்டோம். பிள்ளையின் கையிலிருந்த புத்தகத்தைப் பறித்துப் பெற்ற அறிவு உலகுக்குப் பயன்பட்டதாயினும், அதற்குரிய விலையைக் கொடுத்தவர் குட்இயர் மாத்திரமல்லர். விடாமுயற்சியைப் போற்றிப் பேசும் மேடைகளில் முயன்றவர் பெயரே ஒலிக்கின்றது. பசித்திருந்த மனைவி மக்களின் பெயர் ஒலிப்பதில்லை. குட்இயரின் உறுதி வியக்கத்தக்கது. ஆயின் குறையற்றது எனக் கூற எமக்கு நாவெழவில்லை. பெரியோரின் வாழ்க்கையை மாணாக்கருக்குக் கற்பிக்கும்போது, ஒளியை மாத்திரம் காட்டி நிழலை மறைத்தல் உண்மைக்கு ஏற்றதாகாது.

இறுதியில் மைத்துனர் ஒருவர் பொருளுதவி புரிய, முறை முற்றுப்பெற்றது. 1844ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15ஆந் திகதி, 3633ஆம் இலக்கத்தையுடைய அமெரிக்கக் காப்புரிமை குட்இயருக்கு வழங்கப்பட்டது. அதிலே அவர் கூறிய அளவு, இறப்பர் 25 பங்கு, கந்தகம் 5 பங்கு, ஈயவெள்ளை 7 பங்கு என்பதாகும். சூடாக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 270 பாகை பரனைற்று. இக்கலவையாற் செய்த பொருள் கோடையிலும் மாரியிலும் ஒரே தன்மையதாய் நின்றது. மூடிக் கிடந்த தொழிலகங்கள் மீண்டும் திறந்தன. உரிமை பெற்றுத் தொழில் நடத்தியோர் செல்வராயினர். குட்இயரோ கிடைத்த பணத்தையெல்லாம் புதிய சோதனைகளிலே செலவிட்டார். உடை, படகு, கூரை, இசைக்கருவி முதலாக யாவற்றையும் இறப்பரினாற் செய்யலாமென்று கருதி, அவற்றிற் பலவற்றைச் செய்தும் பார்த்தார். தாம் எழுதிய நூலின் படியொன்றையும் இறப்பர்த் தாளிலே அச்சிடுவித்தார்.

இங்கிலாந்திலே வேறொரு பூசல் எழுந்தது. தோமஸ் ஹன்கொக் என்பவர் 1820 முதலாக இறப்பர்த் தொழிலில் ஈடுபட்டுப் பல பொறிகளை ஆக்கியவர். அமெரிக்காவிலிருந்து வந்த குட்இயரின் இறப்பர்த் துண்டுகள் 1842ஆம் ஆண்டளவில் அவர் கைக்கு எட்டின. அவற்றிலே கந்தகம் உண்டெனக் கண்டு, தாமும் முயன்று முறையை அறிந்து, 1843ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே ஆங்கிலக் காப்புரிமைக்கு விண்ணப்பஞ் செய்தார். குட்இயரின் விண்ணப்பம் சில வாரங்கள் பிந்திற்று. வழக்குகள் நடந்தும் ஆங்கில உரிமை ஹன்கொக்கிடமே நின்றது. உரோமரின் அக்கினித் தெய்வமாகிய வல்கன் பெயரால் இம்முறைக்கு வல்கனைசுப்படுத்தல் என்று பெயர் வழங்கியதும் ஹன்கொக்கின் வட்டாரத்திலேயேயாம். அமெரிக்காவிலே தம் உரிமையை மீறியோருக்கு எதிராகக் குட்இயர் 1852ஆம் ஆண்டிலே பெருவழக்கொன்றில் வெற்றி பெற்றார். அவர் பக்கத்திலே நின்று வாதித்தவர் புகழ்பெற்ற அரசியலாளராகிய டானியல் வெப்ஸ்ரர். அவ்வொரு வழக்குக்கு வெப்ஸ்ரர் பெற்ற ஊதியம் 15,000 டொலர் என்பர். குட்இயர் ஓராண்டில் அத்தொகையைத் தம் கையிலே மிச்சம் பிடித்ததுண்டோ என ஐயுற வேண்டியுள்ளது.

1851ஆம் ஆண்டிலே இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சியிலும், 1855ஆம் ஆண்டிலே பாரிஸில் நடந்த கண்காட்சியிலும், சுவர் முதற் கதிரை ஈறாக இறப்பரால் அமைந்த கூடங்களைப் பல்லாயிரம் டொலர் செலவிற் குட்இயர் அமைத்தார். கண்டோர் வியந்தனர், கடன் பெருகிற்று. 1853ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் கிளாறிசா அம்மையார் காலமானார். பிரான்சிலே அவருடைய காப்புரிமை செல்லாதென்று தீர்க்கப்பட்டதும், கடன் கொடுத்தோர் அவரைப் பாரிஸ் நகரிற் சிறையிடுவித்தனர். மூன்றாம் நெப்போலியன் மன்னர் அவருக்கு வழங்கிய உயர் விருதாகிய சிலுவைப் பதக்கம் அச்சிறையிலேதான் அவர் கைக்கு வந்து சேர்ந்தது. விருதும் விலங்கும் ஒருவரை ஒரே இடத்தில் வந்தடைதல் அரிதினும் அரிது.

1860ஆம் ஆண்டிலே, நியூஹேவனில் மகள் ஒருத்தி மரணத் தறுவாயில் இருப்பதாக அறிந்து வாசிங்ரன் நகரிலிருந்து நோயுடம்போடு புறப்பட்டார். நியூயோர்க்கை அடைந்தபோது மகள் இறந்துவிட்டாள் என்னும் செய்தி வந்தது. கேட்டவர் மீண்டும் எழவில்லை. ஜூலை மாதம் முதலாந் திகதி, தமது ஐம்பத்தொன்பதாவது வயதிலே, ஒரு தங்குவிடுதியில் உயிர் நீத்தார். அவர் விட்டுச் சென்ற கடன் ஏறத்தாழ 200,000 டொலர்.

அவர் விட்டுச் சென்ற செல்வமோ அளவிடற்கரியது. 1845ஆம் ஆண்டிலே றொபேட் வில்லியம் தொம்சன் என்பவர் காற்றடைத்த சில்லுக்குக் காப்புரிமை பெற்றார். 1888ஆம் ஆண்டிலே பெல்பாஸ்ற் நகரில் வாழ்ந்த மிருக வைத்தியர் ஜோன் போய்ட் டன்லப் அதனைச் சைக்கிளுக்கு ஏற்றவாறு மறுபடியும் ஆக்கினார். 1889ஆம் ஆண்டு மே மாதம் அந்நகரிலே நடந்த சைக்கிள் பந்தயத்தில் வில்லி ஹியூம் என்பவர் அந்த ரயர்களைப் பூட்டி ஓடி வென்றார். 1895ஆம் ஆண்டிலே மிச்சலின் சகோதரர் காற்றடைத்த ரயர் பூட்டிய மோட்டார் வண்டியைப் பாரிஸ் – போர்தோ – பாரிஸ் பந்தயத்தில் ஓட்டினர். இவையெல்லாம் குட்இயரின் கந்தக இறப்பர் இல்லாதவிடத்து நிகழ்ந்திரா.

எமது நாட்டின் வரலாற்றையும் அது தொட்டது. இறப்பருக்குத் தேவை பெருகியமையாலேதான், 1876ஆம் ஆண்டிலே ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 வித்துகளை இலண்டனை அடுத்த கியூ பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அங்கே முளைத்த கன்றுகளில் ஏறத்தாழ 1,900 அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவிலே நடப்பட்டன. பின்னர் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளில் எழுந்த தோட்டங்களும், அங்கே விடியற்காலையில் எழுந்து பால் வெட்டும் தொழிலாளர் வாழ்வும் அவ்வித்துகளின் வழிவந்தனவே.

இத்துணையும் கூறியபின், தொடக்கத்திலே குறித்த பந்தய ரயருக்கு வருவோம். குட்இயர் குளிரை வென்றார் என்றால் அந்த ரயர் ஏன் வெடிக்கின்றது? அவர் குளிரின் எல்லையை வெகுதூரம் தள்ளிவைத்தார், எல்லையை அழித்தாரல்லர். எந்த இறப்பருக்கும், அதற்குக் கீழே கண்ணாடிபோலாகும் ஒரு வெப்பநிலை உண்டு. இயற்கை இறப்பருக்கு அது பூச்சியத்துக்குக் கீழே 70 பாகை செல்சியஸ் அளவில் உள்ளது. பந்தய ரயரோ பாதையை இறுகப் பற்றும்பொருட்டு, செயற்கை இறப்பர், பிசின், எண்ணெய் முதலியன கலந்து, வெம்மையிலே தொழிற்படுமாறு ஆக்கப்படுகின்றது. பந்தயம் தொடங்குமுன் மின்போர்வையாற் சுற்றி அதனை வெப்பமேற்றுவோரும் உளர். வெம்மையிலே மிகுந்த பற்றைப் பெறுவதற்காக அது குளிரைத் தாங்கும் ஆற்றலை விலையாகக் கொடுத்துவிட்டது. அதன் விறைக்கும் எல்லை மேலே உயர்ந்து, மேலைநாட்டு மாரிக் குளிருக்கு அண்மையில் வந்துவிடுகின்றது. ஆகவே அதனைக் குளிர் புகாத இடத்திலே வைத்தல் வேண்டும். குளிர்ந்துவிட்டதாயின், அறையின் வெம்மையிலே ஆறுதலாக நெடுநேரம் விட்டு, அது பழைய பதத்தை அடைந்தபின்னரே அசைத்தல் வேண்டும். குளிர் மாத்திரம் அதனைப் பிளப்பதில்லை. குளிர்ந்த நிலையில் வளைப்பதே பிளக்கின்றது.

இவ்வெல்லையை மறந்தோர் இழந்தது ரயர் மாத்திரமன்று. 1986ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 28ஆந் திகதி, அமெரிக்காவின் சலஞ்சர் விண்கலம் புறப்பட்டுச் சற்று நேரத்தில் வானிலே சிதறி ஏழு பேர் மாண்டனர். இறப்பர் போன்ற பொருளாலாய அடைப்பு வளையம் குளிரினாலே தன் மீள்தன்மையை இழந்தமையே அதற்குரிய காரணங்களுள் தலையாயது. குளிரைப் பற்றி முதல்நாளே பொறியியலாளர் சிலர் எச்சரித்தும் அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. பின்னர் நடந்த விசாரணையிலே, அறிஞர் றிச்சட் பெயின்மன் அப்பொருளின் துண்டொன்றைப் பனிக்கட்டி நீரில் இட்டெடுத்து, அது விரைந்து மீளாமையைச் சபையிற் காட்டினார். குட்இயர் அடுக்களைக் கதவிலே செய்த சோதனைக்கும் அதற்கும் வேறுபாடு சிறிதே. முன்னது வினைக்கு முன் செய்யப்பட்டது. பின்னது ஏழு உயிர் போனபின் செய்யப்பட்டது.

எம் மாணாக்கர் நாளை பொறியியலாளராகவும் வைத்தியராகவும் ஆசிரியராகவும் வணிகராகவும் விளங்குவர். எத்தொழிலைப் புரியினும், தாம் ஆக்கியதையும் தாம் நம்பியதையும் சாதகமான பருவத்தில் மாத்திரம் பார்த்து நிறைவடையாது, பாதகமான பருவத்தின் முன் துணிந்து நிறுத்திப் பார்ப்பாராக. குட்இயரிடம் கற்கத்தக்கது அது. அவருடைய மனைமக்கள் பட்ட பாட்டினின்று கற்கத்தக்கதும் ஒன்று உண்டு. தம் குறிக்கோளுக்காகத் தாம் பசித்திருத்தல் பெருமை. பிறரைப் பசித்திருக்கச் செய்தல் பெருமையாகாது. இவ்விரண்டையும் மனத்திற் கொள்வோர்க்கு அவர் வாழ்வு வழிகாட்டியாகவும் எச்சரிக்கையாகவும் அமையும்.